ஒரு ஸ்டிக்கருக்காக பஸ்ஸையே திருப்பிக் கூப்பிடுவார்களா? அவசர வழி ‘ரீகால்’ எப்படி நடக்கிறது, எங்கே நின்றுபோகிறது?

பஸ்ஸில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. இன்ஜினில் கோளாறு இல்லை. டயரும் புதுசு. ஆனாலும் தயாரித்த நிறுவனம், ‘உங்கள் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்’ என்று உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்புகிறது. காரணத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அவசரக் கதவைச் சுற்றி ஒட்டியிருக்க வேண்டிய ஒளி பிரதிபலிக்கும் பட்டை விடுபட்டிருக்கும். அல்லது ஜன்னலைத் திறப்பது எப்படி என்று சொல்லும் ஸ்டிக்கர் தவறான இடத்தில் இருக்கும். அல்லது அவசரக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாதபோது டிரைவர் காதில் கேட்க வேண்டிய எச்சரிக்கை ஒலி கேட்காமல் போயிருக்கும்.

அமெரிக்காவில் இது அடிக்கடி நடப்பதுதான். அங்கே வாகனப் பாதுகாப்பைக் கவனிப்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். சுருக்கமாக என்.எச்.டி.எஸ்.ஏ. ஸ்கூல் பஸ், டவுன் பஸ், டூரிஸ்ட் பஸ் எதுவானாலும், அவசர வழியில் உள்ள குறைக்காக மட்டுமே செய்யப்பட்ட ரீகால்கள் அதன் பதிவேட்டில் ஏராளம்.

‘ஒரு ஸ்டிக்கருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்கத் தோன்றும். பஸ் கம்பெனிகளும் அவ்வப்போது இதையேதான் கேட்கின்றன. ‘இந்தக் குறையால் பாதுகாப்புக்குப் பாதிப்பு ஏதும் இல்லை, ரீகால் செய்வதிலிருந்து விலக்கு வேண்டும்’ என்று மனு போட அந்த நாட்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மனு அரசிதழில் வெளியாகும். யார் வேண்டுமானாலும் கருத்து சொல்லலாம். சில மனுக்கள் ஏற்கப்படும், சில தள்ளுபடியாகும். ஆனால் ‘சின்ன விஷயம்தானே’ என்று கம்பெனி தானாகவே முடிவு செய்துகொண்டு பேசாமல் இருந்துவிட முடியாது.

இந்தக் கறார்த்தனம் சும்மா வந்துவிடவில்லை.

மோதியதால் ஒருவர்கூடச் சாகவில்லை

1988 மே 14, சனிக்கிழமை இரவு. கென்டக்கி மாநிலத்தின் கரோல்டன் ஊருக்கு அருகே 71-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் கூட்டம். உள்ளே 67 பேர், பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகள். பழைய ஸ்கூல் பஸ் அது. பள்ளி நிர்வாகம் ஓட்டி முடித்த பிறகு ஒரு தேவாலயம் வாங்கி வைத்திருந்தது.

எதிர்த்திசையில், தவறான பக்கமாக, குடிபோதையில் ஒருவர் பிக்கப் வண்டி ஓட்டி வந்தார். நேருக்கு நேர் மோதல். மோதிய வேகத்தில் பஸ்ஸுக்குள் யாரும் உயிரிழக்கவில்லை. ஆனால் முன்கதவுக்குப் பக்கத்தில் இருந்த எரிபொருள் டேங்க் கிழிந்தது. தீ பற்றியது. முன்கதவு வழியாக இறங்க முடியாது. மிச்சம் இருந்த ஒரே கதவு, பஸ்ஸின் பின்பக்க அவசரக் கதவு.

அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், இருட்டில், புகையில், குறுகலான நடைபாதை வழியாக அந்த ஒரே கதவை நோக்கி முட்டிமோதினார்கள். கடைசி வரிசை சீட்டுகள் அந்தக் கதவின் அகலத்தையும் குறைத்திருந்தன. சீட்டுக்குள் இருந்த ஃபோம் பற்றி எரிந்து நச்சுப்புகையைக் கக்கியது. 27 பேர் இறந்தார்கள். அவர்களில் 24 பேர் பிள்ளைகளும் இளைஞர்களும். எல்லோரையும் கொன்றது தீயும் புகையும்தான்.

இந்த விபத்தில் இன்னொரு கசப்பான விஷயம் உண்டு. ஸ்கூல் பஸ்களுக்கான கடுமையான பாதுகாப்பு விதிகள் அமெரிக்காவில் 1977 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தன. எரிபொருள் டேங்குக்குப் பாதுகாப்புக் கூண்டு வேண்டும் என்பது அதில் ஒன்று. கரோல்டன் பஸ்ஸின் அடிச்சட்டம் அந்தத் தேதிக்குச் சில நாள்கள் முன்னதாகத் தயாரானது. அதாவது அது எந்த விதியையும் மீறவில்லை. தயாரான நாளில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருந்தது. எனவே விதிமீறல் என்று சொல்லி ரீகால் செய்யவும் வழியில்லை.

அவசர வழி என்றால் எத்தனை கிலோ?

பஸ்களின் அவசர வழிக்காகவே அமெரிக்காவில் தனியாக ஒரு தரவிதி இருக்கிறது. அதன் எண் 217. 1973-லிருந்து நடைமுறையில் உள்ளது. கரோல்டனுக்குப் பிறகு, 1992-ல் இது பெரிய அளவில் திருத்தப்பட்டு, 1994 மே மாதம் முதல் புது ஸ்கூல் பஸ்களுக்குக் கட்டாயமானது. பஸ்ஸில் எத்தனை பேர் உட்காரலாமோ அதற்கேற்ப அவசர வழிகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும் என்பதுதான் திருத்தத்தின் சாரம். கென்டக்கி மாநிலம் இதோடு நிற்காமல், தன் ஸ்கூல் பஸ்களில் 9 வழிகள் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டது. முன்கதவு, பின்கதவு, பக்கவாட்டுக் கதவு, நான்கு ஜன்னல்கள், கூரையில் இரண்டு திறப்புகள்.

217-ஐப் படித்துப் பார்த்தால், ‘போதுமான அளவு’, ‘எளிதில் திறக்கும்படி’ போன்ற வழவழா கொழகொழா சொற்களை நம்பி அது எழுதப்படவில்லை என்பது தெரியும். எல்லாமே அளவுதான். ஸ்கூல் பஸ்ஸின் அவசரக் கதவைத் திறக்க 40 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 18 கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது. மற்ற பஸ்களின் அவசர ஜன்னலில், கை எளிதாக எட்டாத இடத்தில் கைப்பிடி இருந்தால் அதை அசைக்க 20 பவுண்டு, உடம்பின் பலத்தைக் கொடுத்து இழுக்க வசதியான இடத்தில் இருந்தால் 60 பவுண்டு. அதற்கு மேல் போகக் கூடாது. திறந்த ஜன்னல் வழியே 50 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு முட்டை வடிவம் தடங்கல் இல்லாமல் வெளியே போக வேண்டும். ஒரு மனித உடம்பு நுழைந்து போவதற்கான கணக்கு அது. ஸ்கூல் பஸ்ஸின் பின்கதவில் 114 சென்டிமீட்டர் உயரமும் 61 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பெட்டி தாராளமாய் நுழைய வேண்டும். கதவு மட்டும் பெரிதாக இருந்து முன்னால் சீட் மறித்துக்கொண்டிருந்தால் இந்தச் சோதனையில் தேறாது. கரோல்டன் பஸ்ஸை நினைத்துப் பார்த்தால் இந்த அளவு எங்கிருந்து வந்திருக்கும் என்று புரியும்.

ஒளி பிரதிபலிக்கும் பட்டை சமாச்சாரமும் அப்படித்தான். ஸ்கூல் பஸ்ஸின் ஒவ்வொரு அவசர வழியையும் சுற்றி வெளிப்புறத்தில் குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்காக இல்லை இது. நடுராத்திரியில் ஓடிவந்து டார்ச் அடித்துப் பார்க்கும் ஆளுக்கு, கவிழ்ந்து கிடக்கும் பஸ்ஸில் எந்தப் பகுதி திறக்கும் என்று காட்டுவதற்காக.

இந்த விதியிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது ஒன்று உண்டு. ராத்திரி நிறுத்தி வைக்கும்போது யாரும் ஏறிவிடாமலிருக்க ஸ்கூல் பஸ்ஸின் அவசரக் கதவைப் பூட்டி வைப்பார்கள். காலையில் திறக்க மறந்துபோனால்? மறக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள். ஏதாவது ஒரு அவசர வழி பூட்டியிருந்தாலும் பஸ் ஸ்டார்ட் ஆகாது. டிரைவரின் ஞாபகசக்தியை நம்பி எதையும் விடவில்லை.

இதெல்லாம் இருந்தும் ஓட்டை இல்லாமல் இல்லை. மேலே கீல் வைத்துத் தொங்கும் அவசர ஜன்னலை ஒருவர் தள்ளித் திறந்து குதித்துவிட்டால், ஜன்னல் தன் எடையால் மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்தவர் மறுபடி தள்ள வேண்டும். குழந்தையோ வயதானவரோ ஒரு கையால் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எப்படி இறங்குவது? திறந்த வழி திறந்தபடியே நிற்க வேண்டும் என்று அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியம் 1999-லேயே பரிந்துரை செய்தது. 2014 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ஆர்லண்ட் அருகே மாணவர்கள் சென்ற பஸ் மீது லாரி மோதி 10 பேர் இறந்தபோதும், பஸ்ஸிலிருந்து தப்பி வெளியேறுவதில் இருந்த சிரமங்களை வாரியம் மீண்டும் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

குறை தெரிந்தது. அடுத்து என்ன?

விதியில் அளவு இருப்பதால்தான் ரீகாலுக்குப் பல் இருக்கிறது. ‘கதவு கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்பது புகார். ‘40 பவுண்டுக்குப் பதில் 55 பவுண்டு பிடிக்கிறது’ என்றால் அது விதிமீறல். அளந்து பார்த்த பிறகு வாதாட எதுவும் இல்லை.

குறை இருப்பதாகத் தயாரிப்பாளர் முடிவுக்கு வந்த 5 வேலை நாள்களுக்குள் என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த மாடல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தயாரானது, எத்தனை பஸ், என்ன குறை, எப்படித் தெரியவந்தது, எப்படிச் சரிசெய்யப் போகிறார்கள் என எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆவணம் பொதுவெளியில் இருக்கும். 60 நாள்களுக்குள் உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். சரிசெய்யும் செலவு முழுக்கத் தயாரிப்பாளருடையது. பஸ் 15 வயதைத் தாண்டியிருந்தால் மட்டும் இலவசம் என்ற கட்டாயம் இல்லை. முன்பு இந்த வரம்பு 10 ஆண்டாக இருந்தது. 2015-ல் வந்த சட்டம் 15 ஆக்கியது. 15 வருஷம் ஓடும் ஸ்கூல் பஸ்கள் சர்வசாதாரணம் என்பதால் பஸ்களுக்கு இது முக்கியமான மாற்றம்.

எங்கே தவறு நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ரொம்ப சாதாரணமான இடங்களில்தான். ரப்பர் பீடிங் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. தாழ்ப்பாளின் ஸ்பிரிங் மாற்றப்பட்ட புது பேட்ச் கொஞ்சம் இறுக்கமாக வந்துவிடுகிறது. எச்சரிக்கை ஒலிக்கான ஒயர் மாறி இணைக்கப்படுகிறது. ஓடும் பஸ்ஸின் குலுக்கலில் கீல் தளர்ந்து கதவு தானாகத் திறந்துகொள்கிறது. கடைசியாகச் சொன்னது நேரெதிர் ஆபத்து. அவசர வழி திறக்காமல் போனாலும் ஆபத்து, தேவையில்லாதபோது திறந்துகொண்டாலும் ஆபத்து. இரண்டுமே ரீகாலுக்குரிய குறைகள்தான்.

சேசிஸ் ஒருவர், பாடி ஒருவர். பொறுப்பு யாருக்கு?

காரை ஒரே கம்பெனி முழுதாகச் செய்து விற்கிறது. பஸ் அப்படியில்லை. அடிச்சட்டமும் இன்ஜினும் ஒரு கம்பெனியிலிருந்து வரும், அதன் மேல் பாடி கட்டுவது வேறொருவராக இருக்கலாம். அவசர வழி இருப்பதோ பாடியில். அப்படியானால் யாரைப் பிடிப்பது?

அமெரிக்கச் சட்டம் இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறது. பல கட்டங்களில் தயாராகும் வண்டிக்கு, கடைசிக் கட்டத்தை முடிப்பவர் தன் பெயர், தேதியோடு ஒரு சான்றுத் தகடு ஒட்ட வேண்டும். ‘இந்த வண்டி அத்தனை தரவிதிகளுக்கும் உட்பட்டது’ என்று அவர் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் அது. விற்பனைக்கு முன்பு சீட்டை மாற்றுவது, சக்கர நாற்காலி லிஃப்ட் பொருத்துவது என்று மாறுதல் செய்பவரும் தன் பங்குக்குத் தனித் தகடு ஒட்ட வேண்டும். நாளைக்குக் குறை தெரியவந்தால் எந்தத் தகடுக்குரியவர் பொறுப்பு என்று தேடிப் பிடித்துவிடலாம். பட்டறை சின்னதா பெரியதா என்பது கணக்கில்லை.

இவ்வளவு பலமான ஏற்பாட்டுக்கும் கை எட்டாத இடங்கள் இருக்கின்றன. கரோல்டன் பஸ் மாதிரி விதிக்கு முன்பே பிறந்தவை ஒரு வகை. பஸ் இரண்டாம் கைக்கு, மூன்றாம் கைக்கு மாறும்போது ரீகால் கடிதம் போய்ச் சேராமல் இருப்பது இன்னொரு வகை. கடிதம் கிடைத்தாலும் பஸ்ஸைக் கொண்டுபோய் விடுவது உரிமையாளர் மனசு வைத்தால்தான்.

மூன்றாவது வகைதான் மோசமானது. பஸ் சரியாகத்தான் தயாரானது. வாங்கியவர் கெடுத்துவிட்டார். 2016 ஜூலையில் தைவானின் தாவ்யுவான் அருகே சுற்றுலா பஸ் எரிந்து 26 பேர் இறந்தார்கள். டிரைவரே தீ வைத்திருக்கிறார் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆனால் அத்தனை பேரும் ஏன் வெளியே வர முடியவில்லை என்ற கேள்விக்கு விடை, அவசரக் கதவில் சட்டத்துக்குப் புறம்பாகப் பொருத்தியிருந்த கூடுதல் பூட்டில் இருந்தது. அந்தப் பூட்டுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை. எனவே ரீகாலாலும் அதைக் கழற்ற முடியாது.

இந்தியாவில் ரீகால் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. ரீகால் என்றதும் நமக்குக் கார், பைக் ஞாபகம்தான் வரும். பஸ்ஸுக்கும் அதே சட்டம்தான்.

வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012-ல் கொண்டுவந்த தன்னார்வ ஏற்பாடுதான் முதலில் இருந்தது. கம்பெனி விரும்பினால் திரும்ப அழைக்கும், அவ்வளவுதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பயணிக்கோ, டிரைவருக்கோ, சாலையில் போகிறவருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை ஒரு வாகன ரகத்தில் இருந்தால், அதைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். கட்டாய ரீகாலுக்கு உள்ளாகும் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பஸ், லாரி போன்ற பெரிய வண்டிகள் என்றால், ஆண்டு விற்பனையில் 3 சதவீத அளவுக்குப் புகார் வந்தால் கட்டாய ரீகால் நடைமுறை தொடங்கும். சோதனை நிறுவனத்தின் அறிக்கை வழியாகவும் அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது சட்டம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 அக்டோபரில், 10 நாள் இடைவெளியில் எரிந்த இரண்டு பஸ்களை இந்தச் சட்டத்தோடு பொருத்திப் பாருங்கள்.

அக்டோபர் 14, ராஜஸ்தான். ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய தனியார் ஏசி ஸ்லீப்பர் பஸ் சிறிது நேரத்திலேயே தீப்பிடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஏசி இல்லாத பஸ்ஸை ஏசியாக மாற்றி அப்போதுதான் ஓடவிட்டிருந்தார்கள். வெளியேற இருந்தது முன்பக்கம் ஒரே கதவு.

அக்டோபர் 24, ஆந்திரம். ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்லீப்பர் பஸ், கர்னூல் அருகே சின்னடேகூரில் அதிகாலை மூன்று மணி வாக்கில் சாலையில் கிடந்த பைக் மீது ஏறி அதை இழுத்துக்கொண்டே போனது. பைக்கின் பெட்ரோலில் தீப்பற்றியது. 19 பயணிகள் இறந்தார்கள். அதற்குச் சற்று முன் அதே இடத்தில் விழுந்து அந்த பைக் ஓட்டியவரும் இறந்திருந்தார். பஸ்ஸின் கதவு திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்கள்தான் பிழைத்தார்கள். உட்கார்ந்து போகும் பஸ்ஸாகப் பதிவு செய்யப்பட்டதை அனுமதி இல்லாமல் ஸ்லீப்பராக மாற்றியிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. முதலில் டாமன் டையூவில் பதிவு, பிறகு ஒடிசாவில். ஓடியது வேறு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே.

இந்த இரண்டு பஸ்களிலும் 110ஏ யாரைப் பிடிக்கும்? இன்ஜினும் சேசிஸும் செய்த பெரிய கம்பெனியையா? அதன் பொருளில் குறை இல்லையே. உட்காரும் பஸ்ஸைப் படுக்கும் பஸ்ஸாக்கிய பட்டறையையா? அந்தப் பட்டறைக்கு ‘மாடல்’ கிடையாது, ‘பேட்ச்’ கிடையாது. இந்த உரிமையாளர் கேட்டபடி இந்த ஒரு பஸ், அடுத்தவர் கேட்டபடி அடுத்த பஸ். 3 சதவீதப் புகார் என்று கணக்குப் பார்க்க, எதில் 3 சதவீதம்? அந்தக் கணக்கில் வருவது வண்டி உரிமையாளர்களின் புகார். இங்கே அவசர வழியை அடைத்து இரண்டு பெர்த் கூடுதலாகப் போட்டதே உரிமையாளர்தான். அவர் யார் மேல் புகார் கொடுப்பார்? மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டு போகும் பயணிக்கு, அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு கதவு இருந்திருக்க வேண்டும் என்பதே தெரியாது.

விதி இல்லை என்றும் சொல்ல முடியாது. பஸ் பாடிக்கு ஏஐஎஸ்-052, ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு ஏஐஎஸ்-119 என்று தரவிதிகள் இருக்கின்றன. 12 மீட்டர் நீள ஸ்லீப்பரில் குறைந்தது 4 அவசர வழிகள் இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றினால் என்ன தண்டனை? 2019 திருத்தத்தின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாறுதலுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தோடு முடிந்துவிட்டால், கூடுதலாகப் போட்ட இரண்டு பெர்த்தின் டிக்கெட் காசு சில நாளிலேயே அதை ஈடுகட்டிவிடும்.

அப்படியானால் மிச்சம் இருப்பது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுதான். பஸ்ஸுக்கு 8 வயதாகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். காட்டும் அன்றைக்கு அவசரக் கதவு இருக்கும், சுத்தியல் தொங்கும். எஃப்.சி.க்கு ஒரு கோலம், ரோட்டுக்கு ஒரு கோலம். போதாக்குறைக்கு, பஸ் ஓடுவது ஓர் ஊர், பதிவு எங்கோ ஒரு மூலை. வெளிமாநிலப் பதிவெண்ணோடு தமிழ்நாட்டுக்குள் ஓடிய ஆம்னி பஸ்களுக்கு 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை தடை போட்டபோது, அந்தப் பஸ்களில் பல நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவானவையாக இருந்தன. வரி மிச்சம் பிடிக்கத்தான் அங்கே பதிவு. அதனால் அந்த பஸ்ஸை நேரில் பார்க்கும் அதிகாரி ஒருவர், அதன் காகிதத்தை வைத்திருக்கும் அதிகாரி வேறொருவர் என்றாகிவிடுகிறது.

ஜெய்சல்மேரில் நடந்ததும் ஒரு வகை ‘ரீகால்’தான்

ஜெய்சல்மேர் தீக்குப் பிறகு ராஜஸ்தான் போக்குவரத்துத் துறை ஒரு வேலை செய்தது. எரிந்த பஸ்ஸுக்கு பாடி கட்டிய அதே பட்டறையில் கட்டப்பட்ட மற்ற பஸ்களையும் தேடிப் பிடித்துச் சோதித்தது. பஸ்ஸுக்கு அனுமதி தந்த அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். யாரும் அதற்கு ரீகால் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் ரீகால் என்பதே அதுதானே! ஒரு பஸ்ஸில் தெரிந்த குறை, அதே கையால் செய்யப்பட்ட மற்ற பஸ்களிலும் இருக்குமே என்று தேடிப் போவது. வித்தியாசம், அமெரிக்காவில் அது ஒரு தாழ்ப்பாள் சோதனையில் தொடங்கும். இங்கே அது சாவில் தொடங்கியது. அதுவும் ஒரு மாநிலத்தோடு நின்றுபோனது. பத்தே நாளில் கர்னூல்.

அப்படித் தேடிப் போக முடிய வேண்டுமென்றால், எந்த பஸ்ஸின் பாடியை யார் கட்டினார், எப்போது கட்டினார் என்ற பதிவு அழியாமல் இருக்க வேண்டும். பாடி கட்டுவது நமக்குப் புதிய தொழில் இல்லை. கரூர் பக்கம் கேட்டால் தலைமுறை தலைமுறையாகச் செய்பவர்களைப் பார்க்கலாம். நல்ல பட்டறைகள் தங்கள் பெயரை பஸ்ஸில் பெருமையாக எழுதியே அனுப்புகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு, பெயரோடு பொறுப்பையும் சேர்த்து எழுதச் சொல்லும் விதியால் நஷ்டம் எதுவும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பெர்த் அடித்துக் கொடுக்கும் பெயரில்லாத பட்டறைகளுக்குத்தான் சிக்கல்.

2026 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஸ்லீப்பர் பஸ்களை இனி வாகன உற்பத்தி நிறுவனங்களோ, மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற இடங்களோ மட்டும்தான் தயாரிக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்லீப்பர் பஸ்களில் தீயைக் கண்டறியும் கருவி, சுத்தியலோடு கூடிய அவசர வழி, அவசர விளக்கு போன்றவற்றைப் பொருத்த வேண்டும்.

முதல் பாதி வருங்கால பஸ்களுக்கானது. தயாரிப்பாளர் யார் என்பது தெளிவாகிவிட்டால், 110ஏ பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்கும். 7 ஆண்டு வரையாவது ரீகால் அந்த பஸ்களைத் துரத்திப் போகலாம்.

இரண்டாவது பாதிதான் இன்றைக்கு டிக்கெட் எடுக்கிறவர்களுக்கானது. ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் அவசர வழியை மறுபடி திறப்பது என்றால், அங்கே போட்டிருக்கும் பெர்த்தைக் கழற்ற வேண்டும், பாடியை வெட்ட வேண்டும், பஸ் சில நாள் ஓடாமல் நிற்க வேண்டும். செலவு உரிமையாளருடையது. யாரும் கடிதம் போட்டு இலவசமாகச் செய்து தரப்போவதில்லை. எத்தனை பஸ் அப்படிச் சரிசெய்யப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பது மாநிலப் போக்குவரத்துத் துறைகளின் கையில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறியதும் பெர்த் நம்பரைத் தேடுவதோடு, சுத்தியல் எங்கே தொங்குகிறது, எந்தக் கண்ணாடியில் அவசர வழி என்று எழுதியிருக்கிறது, அதன் முன்னால் யாருடைய மூட்டை கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவைப்பது பயணியின் கையில் இருக்கிறது. இல்லை என்றால் டிரைவரிடம் கேட்கலாம். பதில் வராவிட்டால் பதிவெண்ணையும் அந்த இடத்தையும் ஒரு போட்டோ எடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம்.